ஒளி பட்டதும் சுருங்கும் செல்

நம் விழித்திரையில் இருக்கும் ஒரு கூம்பு செல்லின் மேல் பளிச்சென்று வெளிச்சம் பட்டால் அந்தச் செல் அசைகிறது. முதலில் சுருங்கும். ஒரு நொடியை ஆயிரம் பங்காகப் பிரித்தால், 5 பங்கு நேரத்துக்குள் அந்தச் சுருக்கம் நடந்துவிடும். பிறகு அவசரமில்லாமல் நீளத் தொடங்கும். முன்பிருந்த நீளத்தையும் தாண்டிப் போய், மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பும். சுருங்குவது சில பத்து நானோமீட்டர். நீள்வது, வெளிச்சம் வலுவாக இருந்தால், சில நூறு நானோமீட்டர் வரை. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். இவ்வளவு சின்ன அசைவை, உயிரோடு நாற்காலியில் உட்கார்ந்து இமைத்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதரின் கண்ணுக்குள், ஊசி போடாமல், சாயம் ஏற்றாமல், வெறும் ஒளியைக் கொண்டே இப்போது படமெடுக்கிறார்கள். ஆப்டோரெட்டினோகிராஃபி என்று அதற்குப் பெயர்.

நான் மதுரையில் ஒரு கண் மருத்துவமனையில் ஆப்டோமெட்ரிஸ்டாக இருக்கிறேன். விழித்திரைப் பிரிவில் ஸ்கேன் எடுப்பதும், இருட்டறையில் விழித்திரையின் மின் துலங்கலை அளக்கும் இ.ஆர்.ஜி. எடுப்பதும் என் வேலை. நான் சொல்லும் இந்த ஆய்வுகள் நடப்பது அமெரிக்காவில் இண்டியானா, சியாட்டில், பெர்க்லி, டேவிஸ் ஆகிய இடங்களிலும், ஜெர்மனியில் லூபெக் நகரத்திலும். அந்தக் கருவியை நான் தொட்டதில்லை. ஆனாலும் அதைப் பற்றி வரும் ஒவ்வொரு கட்டுரையையும் தேடிப் பிடித்துப் படிக்கிறேன். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மகனை அழைத்து வந்த ஓர் அம்மா கேட்ட கேள்வி அதற்குக் காரணம்.

மகனுக்கு இருபது வயதைத் தாண்டியிருக்கும். ஆர்.பி. என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, விழித்திரைச் செல்கள் மெல்ல மெல்ல நலியும் மரபுநோய். இருட்டிவிட்டால் சைக்கிள் ஓட்ட முடியாது. நடுப்பார்வை மட்டும் நன்றாக இருக்கிறது. ஓ.சி.டி. ஸ்கேன் திரையில் விழித்திரையின் அடுக்குகள் வந்ததும் அந்த அம்மா எட்டிப் பார்த்தார். “ஏம்மா, கோடு கோடா எல்லாம் பளிச்சுன்னுதான இருக்கு? நடுவுல ஒண்ணும் கெட்டுப் போன மாதிரி தெரியலயே. பெறகு வருசா வருசம் பார்வை கொறையும்னு ஏன் சொல்றீங்க?” என்றார். “அந்தச் செல்லெல்லாம் அங்க இருக்குன்னுதாம்மா இந்தப் படம் சொல்லும். வேலை செய்யுதான்னு இதுக்குச் சொல்லத் தெரியாது” என்றேன். அவர் விடவில்லை. “வேலை செய்யுதான்னு பாக்குற மிசினு எங்க இருக்கு?” என்று கேட்டார்.

மனிதக் கண் ஒன்றின் விழித்திரையில் சராசரியாக 9 கோடிக்கு மேல் குச்சி செல்களும், சுமார் 46 லட்சம் கூம்பு செல்களும் இருக்கின்றன. குச்சி செல்கள் மங்கிய வெளிச்சத்துக்கு. கூம்பு செல்கள் பகலுக்கும் நிறத்துக்கும். நீங்கள் இந்த வரியைப் படிப்பது நடுவில் உள்ள ஒரு சின்னக் குழிவில் நெருக்கமாக அடைந்து கிடக்கும் கூம்பு செல்களால். அங்கே ஒரு கூம்பு செல்லின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு. ஒவ்வொரு செல்லின் வெளி முனையிலும் மெல்லிய சவ்வுத் தட்டுகள் நூற்றுக்கணக்கில் அடுக்கப்பட்டிருக்கும். ஒளியைப் பிடிக்கும் நிறமி அந்தத் தட்டுகளில்தான் இருக்கிறது.

நிறமிக்குள் ரெட்டினால் என்றொரு மூலக்கூறு மடங்கிய நிலையில் காத்திருக்கும். வைட்டமின் ஏ-யிலிருந்து வருவது அது. விழித்திரையில் வைட்டமின் ஏ இருப்பதை 1933-இல் கண்டறிந்தவர் ஜார்ஜ் வால்டு. 1967-இல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. கீரையும் கேரட்டும் சாப்பிடாத பிள்ளைக்கு மாலைக்கண் வரும் என்று பள்ளியில் படித்தோமே, அதன் வேர் இந்த மூலக்கூறில் இருக்கிறது. ஓர் ஒளித்துகள் பட்டதும் ரெட்டினால் மடங்கிய நிலையிலிருந்து நிமிர்ந்துவிடும். அதிலிருந்து புரதங்களின் ஒரு சங்கிலி ஓடத் தொடங்கி, கடைசியில் செல்லின் சவ்வில் உள்ள வாயில்கள் மூடிக்கொள்ளும். எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருப்பது என்னவென்றால், இந்தச் செல்களில் இருட்டில்தான் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒளி வந்தால் அது குறைகிறது. அந்தக் குறைவைத்தான் மூளை வெளிச்சம் என்று படிக்கிறது.

அந்த அம்மா கேட்ட மிஷின் ஒன்று எங்களிடம் உண்டு என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். இ.ஆர்.ஜி. பரிசோதனையில் சொட்டு மருந்து போட்டுக் கண்ணின் பாப்பாவை விரிய வைப்போம். 20 நிமிடம் இருட்டில் உட்கார வைப்போம். மரத்துப் போகும் மருந்து விட்டு, கருவிழியைத் தொட்டபடி மெல்லிய மின்முனை ஒன்றைப் பொருத்தி, வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒன்றுக்குள் முகத்தை வைக்கச் சொல்லி ஒளியைப் பளிச்சிடுவோம். விழித்திரை முழுவதும் சேர்ந்து எழுப்பும் மின் அலை ஒரு கோடாகத் திரையில் வரும். 1865-இல் ஸ்வீடனில் ஹோம்கிரென் தவளைக் கண்ணில் முதலில் கண்ட அதே மின் அலைதான். நல்ல பரிசோதனை அது. அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது கோடிக்கணக்கான செல்களின் மொத்தக் கணக்கு. ஆர்.பி. நோயாளிகள் பலருக்கு, நடுப்பார்வை நன்றாக இருக்கும்போதே அந்தக் கோடு தட்டையாகிவிடும். தட்டையான கோட்டை வைத்துக்கொண்டு இந்த வருடத்துக்கும் அடுத்த வருடத்துக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. எஞ்சியிருக்கும் செல்கள் எவை, அவற்றில் எது வேலை செய்கிறது என்று அந்தக் கோட்டிடம் கேட்கவும் முடியாது.

ஒளி விழித்திரையில் விட்டுச் செல்லும் அடையாளத்தைக் கண்ணால் காண வேண்டும் என்ற ஆசை பழையது. 1876-இல் ஃபிரான்ஸ் போல் இருட்டில் வைத்திருந்த தவளையின் விழித்திரை இளஞ்சிவப்பாக இருப்பதையும், வெளிச்சம் பட்டதும் அது வெளுப்பதையும் கண்டார். ஹைடல்பர்க்கில் வில்ஹெல்ம் கியூனே இதை இன்னும் தூரம் கொண்டுபோனார். ஒரு முயலை ஜன்னலைப் பார்க்க வைத்து, உடனே கொன்று, விழித்திரையை எடுத்துப் படிகாரக் கரைசலில் ஊற வைத்தார். ஜன்னல் கம்பிகளின் உருவம் அதில் பதிந்திருந்தது. அதற்குப் பிறகு நூறாண்டுக்கும் மேலாக, செல் அளவில் இந்த வேலையைப் பார்க்க வேண்டுமென்றால் விழித்திரையைக் கண்ணிலிருந்து வெளியே எடுத்தாக வேண்டியிருந்தது.

உயிருள்ள கண்ணுக்குள் பார்ப்பதில் முதல் தடை கண்ணேதான். 1851-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் கருவியைச் செய்து வெளியிட்டார். இன்றும் மருத்துவர்கள் அதன் வாரிசுகளைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். இரத்தக் குழாய்கள் தெரியும், நரம்பின் தலை தெரியும். செல்கள் தெரியாது. கருவிழியும் லென்ஸும் எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாலும் அவற்றில் நுண்ணிய கோணல்கள் உண்டு. உள்ளே போகும் ஒளியையும் வெளியே வரும் ஒளியையும் அவை கலைத்துவிடும். வழி வானியலிலிருந்து வந்தது. காற்று மண்டலம் நட்சத்திரத்தின் ஒளியைக் கலைப்பதைச் சரிசெய்ய, நொடிக்கு நொடி வடிவம் மாறும் கண்ணாடியைப் பயன்படுத்தலாம் என்று 1953-இல் ஹொரேஸ் பாப்காக் எழுதியிருந்தார். 1997-இல் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் லியாங், வில்லியம்ஸ், மில்லர் மூவரும் அந்த முறையை மனிதக் கண்ணுக்குத் திருப்பினார்கள். கூம்பு செல்கள் ஒவ்வொன்றும் தனித்தனி ஒளிப்புள்ளியாகத் தெரிந்தன. இரண்டே ஆண்டில் ரூர்டாவும் வில்லியம்ஸும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூவகைக் கூம்புகள் விழித்திரையில் எப்படி விரவிக் கிடக்கின்றன என்ற வரைபடத்தையே வெளியிட்டார்கள். ஒருவர் கண்ணில் சிவப்புக் கூம்புகள் பச்சையைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு. இன்னொருவர் கண்ணில் இரண்டும் கிட்டத்தட்ட சமம். இருவருக்குமே நிறப்பார்வை இயல்பாக இருந்தது.

அதுவும் செல் எங்கே இருக்கிறது என்பதற்கான படம்தான். அசைவைப் பிடிக்க ஓ.சி.டி. தேவைப்பட்டது. எம்.ஐ.டி.யில் ஃபுஜிமோட்டோ, டேவிட் ஹுவாங், ஸ்வான்சன் ஆகியோரின் குழு 1991-இல் வெளியிட்ட தொழில்நுட்பம் அது. உள்ளே அனுப்பிய ஒளி எந்த ஆழத்திலிருந்து திரும்பி வருகிறது என்று அளந்து, விழித்திரையின் குறுக்கு வெட்டுத் தோற்றத்தைத் தரும். ஆனால் மருத்துவமனைகளில் உள்ள ஓ.சி.டி. ஐந்தாயிரம் நானோமீட்டர் அளவுக்குக் குறைந்த இடைவெளியைப் பிரித்துக் காட்டத் திணறும். அதைக் கொண்டு 30 நானோமீட்டர் சுருக்கத்தை எப்படிக் காண்பது?

மழை பெய்த சாலையில் பெட்ரோல் சிந்தியிருந்தால் அதில் நிறங்கள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் படலத்தின் மேல் பரப்பிலிருந்து திரும்பும் ஒளி அலையும், கீழ்ப் பரப்பிலிருந்து திரும்பும் அலையும் ஒன்றோடொன்று சேரும்போது எழும் நிறங்கள் அவை. படலத்தின் கனம் ஒரு மயிரிழை மாறினாலும் நிறம் மாறிவிடும். கூம்பு செல்லின் வெளி முனைக்கும் இப்படி இரண்டு எல்லைகள் உண்டு. தட்டுகளின் அடுக்கு தொடங்கும் இடத்திலிருந்து ஓர் எதிரொளிப்பு, முடியும் இடத்திலிருந்து ஓர் எதிரொளிப்பு. இரண்டு அலைகளின் முகடுகளும் எவ்வளவு முன்பின்னாக வருகின்றன என்று கணக்கிட்டால், எல்லைகளுக்கு நடுவிலான தூரம் சில நானோமீட்டர் மாறினாலும் தெரிந்துவிடும். இதில் இன்னொரு வசதியும் கூடவே கிடைக்கிறது. கண் ஒருபோதும் அசையாமல் இருக்காது. தலை அசையும், இதயத் துடிப்பில்கூட விழித்திரை முன்னும் பின்னும் நகரும். அந்த நகர்வு செல்லின் இரண்டு எல்லைகளையும் சேர்த்தே நகர்த்துவதால், ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது அது காணாமல் போகும். செல்லின் சொந்த அசைவு மட்டும் மிஞ்சும்.

படமெடுக்கும் ஒளி அகச்சிவப்பு. சியாட்டில் குழு பயன்படுத்தியது 840 நானோமீட்டர் அலைநீளம். கண்ணுக்கு அது அநேகமாகத் தெரியாது. செல்லை எழுப்பக் கண்ணுக்குத் தெரியும் ஒளி தனியாகப் பளிச்சிடும்.

2016-இல் லூபெக்கில் ஹில்மானும் அவருடைய கூட்டாளிகளும் செய்ததைப் படித்தபோது நான் கட்டுரையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தின் வடிவில் ஒளியை விழித்திரையில் விழச் செய்தார்கள். சில கணங்களில், ஒளி பட்ட இடத்துச் செல்கள் மட்டும் நீள, அளவீட்டுப் படத்தில் அதே எழுத்து எழுந்து வந்தது. கிராமத்துக் கண் முகாம்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு நாங்கள் காட்டுவது அந்த ஒரே எழுத்தைத்தான். மூன்று கால்கள் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று அவர்கள் கையால் காட்ட வேண்டும். வெட்கப்படுபவர்கள் இருப்பார்கள், ஊகித்துச் சொல்பவர்கள் இருப்பார்கள், பக்கத்தில் நிற்கும் பேரனைப் பார்த்துச் சொல்பவர்களும் உண்டு. லூபெக்கில் யாரும் எதையும் சொல்லவில்லை. எழுத்து விழுந்ததை விழித்திரையே காட்டிக்கொடுத்தது.

2020-இல் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் விமல் பிரபு பாண்டியன், ராம்குமார் சபேசன் குழுவினர் வெளியிட்ட ஆய்வுதான் நான் தொடக்கத்தில் சொன்ன அந்த முதல் சுருக்கத்தைத் தெளிவாகக் காட்டியது. ஒவ்வொரு புள்ளியாக ஸ்கேன் செய்தால் அவ்வளவு வேகம் கிடைக்காது என்பதால், ஒரு முழுக் கோட்டையே ஒரே நேரத்தில் படமெடுக்கும் முறையைக் கையாண்டார்கள். அவர்கள் தந்த விளக்கம் இது: ஒளியைப் பிடித்த நிறமி உருமாறும் அதே கணத்தில் தட்டுகளின் சவ்வுக்குக் குறுக்கே மின்னூட்டம் இடம் மாறுகிறது. அதனால் சவ்வின் இழுவிசை மாறி, தட்டுகள் ஒவ்வொன்றும் நூலிழை தட்டையாகின்றன. அடுக்கு முழுவதும் சேர்ந்து சுருங்குகிறது. 1960-களில் குரங்கின் விழித்திரையில் மின்முனை வைத்து அளந்த ஒரு மின்துடிப்பை இப்போது மனிதரில் ஒளியால் அளக்கிறார்கள். பின்னால் வரும் நீட்சியின் காரணம் வேறு. புரதச் சங்கிலி ஓடும்போது செல்லுக்குள் துகள்களின் அடர்த்தி கூடி, நீர் உள்ளே வந்து செல் வீங்குகிறது என்பதே இப்போது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். 2017-இல் எலிகளின் குச்சி செல்களில் செய்த ஆய்வு அந்தப் பக்கமே கைகாட்டுகிறது. ஆக முதல் சுருக்கம் நிறமியின் உடல்நிலையையும், பின்வரும் நீட்சி அதற்கு அடுத்த கட்டங்களின் உடல்நிலையையும் சொல்கின்றன. ஆர்.பி.க்குக் காரணமான மரபணுப் பிழைகள் பல பத்து வகை. எந்தக் கட்டத்தில் பழுது என்று செல்லே சொல்லும் வாய்ப்பு இது.

நிறம் பற்றியும் ஒரு வார்த்தை. சிவப்பு ஒளியைப் பளிச்சிட்டால் சிவப்புக் கூம்பு அதிகம் நீளும், பச்சைக் கூம்பு குறைவாக, நீலக் கூம்பு அநேகமாக நீளாது. 2019-இல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் மில்லரின் குழு இந்த வித்தியாசத்தைக் கொண்டே கூம்புகளை வகை பிரித்துக் காட்டியது. 1999-இல் வெகுநேர உழைப்பு கேட்ட வரைபடம் அதனால் எளிதானது. 2025 ஏப்ரலில் பெர்க்லி விஞ்ஞானிகள், சியாட்டிலில் இதே முறையில் வகை பிரித்த கூம்பு வரைபடத்தை வைத்துக்கொண்டு, பச்சைக் கூம்புகளை மட்டும் தேடித் தேடி லேசரால் தொட்டார்கள். இயற்கையில் எந்த ஒளியாலும் பச்சைக் கூம்பை மட்டும் தனியாக எழுப்ப முடியாது. பக்கத்து வகையும் கூடவே எழும். பங்கேற்ற 5 பேரும் அதுவரை பார்த்தே இராத அடர்த்தியில் ஒரு நீலப்பச்சையைக் கண்டார்கள். அதற்கு ‘ஓலோ’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். செய்தித்தாள்களில் வந்தது அந்தப் புது நிறம்தான். எனக்கு அதன் அடியில் இருந்த வரைபடம்தான் பெரிது.

ஏனென்றால் அந்த வரைபடத்தைத் தந்த அதே செல் செல்லான அளவீட்டை 2021-இல் இண்டியானா குழு ஆர்.பி. நோயாளிகளின் கண்களில் செய்து பார்த்தது. நோய் முற்ற முற்றக் கூம்பு செல்களின் துலங்கல் குறைந்தது, அது எதிர்பார்த்ததுதான். படத்தில் கூம்புகளின் நெருக்கம் இயல்பாகத் தெரிந்த இடங்களிலும் சில செல்கள் நலமானவர்களின் செல்களைப்போல நடந்துகொள்ளவில்லை. செல்கள் எண்ணிக்கையில் குறைவதற்கு முன்பே அவற்றின் வேலை குறையத் தொடங்கிவிடுகிறது. நீலக் கூம்புகள் மற்றவற்றைவிடச் சீக்கிரம் நலிகின்றன. உசிலம்பட்டி அம்மாவுக்கு நான் வாய்மொழியாகச் சொன்ன பதில், இங்கே செல் செல்லாக அளந்து காட்டப்பட்டிருந்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் இருந்தது. அவர்கள் பார்த்த மிக மோசமான பகுதிகளில், சுற்றிலும் எல்லாம் போய்விட்ட இடத்தில், தனித்து நின்ற சில கூம்புகள் நலமான கண்ணில் உள்ளதைப் போலவே ஒளிக்குப் பதில் சொல்லின. தட்டையான இ.ஆர்.ஜி. கோட்டில் அவை ஒருநாளும் தெரிந்திருக்காது.

அப்படிப்பட்ட செல்களைத் தேடுவதற்கு இன்று அவசரக் காரணம் உண்டு. 2017 டிசம்பரில் அமெரிக்காவில், ஆர்பிஇ65 என்ற மரபணுவின் பிழையால் வரும் பார்வையிழப்புக்கு மரபணு சிகிச்சை அனுமதிக்கப்பட்டது. மற்ற மரபணுக்களுக்கும் சிகிச்சைகள் சோதனையில் இருக்கின்றன. செத்த செல்லுக்கு மரபணு கொடுத்துப் பயனில்லை. உயிரோடு இருக்கும் செல் எங்கே என்று தெரிய வேண்டும். கொடுத்த பிறகு அது முன்பைவிட நன்றாக வேலை செய்கிறதா என்றும் தெரிய வேண்டும். பார்வை அட்டையும், பார்வைப் பரப்பை அளக்கும் ஃபீல்டு டெஸ்ட்டும் அதைச் சொல்ல வருடக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஒரு செல்லின் நீட்சி கூடியதா என்பதை அதற்கு வெகு முன்பே பார்த்துவிடலாம் என்பதுதான் இந்தத் துறையில் இருப்பவர்களின் நம்பிக்கை. எனக்கும் அதே நம்பிக்கை.

தடைகள் இருக்கின்றன. கண்புரை இருந்தால் ஒளி உள்ளே போகாது. பார்வையை ஓரிடத்தில் நிறுத்த முடியாதவர்களிடம் எடுப்பது கடினம், ஆர்.பி. முற்றியவர்கள் பலர் அப்படித்தான். செல் செல்லாகப் பார்க்கும் கருவி மேசை முழுக்கப் பரந்து கிடக்கும் கண்ணாடிகளும் லென்ஸ்களும். அதை இயக்கத் தேர்ந்த ஆட்கள் வேண்டும். இதை உணர்ந்துதான் சியாட்டில் குழு 2022-இல், வடிவம் மாறும் கண்ணாடி இல்லாமலேயே, தனிச் செல்களுக்குப் பதிலாகச் செல் கூட்டங்களின் சராசரி அசைவை அகலமான பரப்பில் அளக்கும் எளிய முறையை வெளியிட்டது. மருத்துவமனைக்கு முதலில் வரப்போவது இந்த வகையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். குச்சி செல்களிலும் மனிதரில் அளந்துவிட்டார்கள். கலிஃபோர்னியாவின் டேவிஸில் உள்ள குழு 2020-இல் அதை வெளியிட்டது. ஆர்.பி.யில் முதலில் போவது குச்சி செல்தான் என்பதால் எங்களுக்கு அது முக்கியம்.

நம் பக்கத்தில் அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள் திருமணம் செய்வது இன்னும் உண்டு. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் ஒரே பிழை வந்து சேர்ந்தால் மட்டுமே வெளிப்படும் மரபுநோய்கள், அப்படிப்பட்ட குடும்பங்களில் கூடுதலாகத் தெரியும். ஆர்.பி.யின் பல வகைகள் அந்த ரகம். அண்ணனுக்கு இருந்தால் தம்பி தங்கையையும் கூட்டி வாருங்கள் என்று நாங்கள் சொல்வது அதனால்தான். அந்த உசிலம்பட்டிப் பையனுக்குப் பத்தாவது படிக்கும் ஒரு தங்கை இருக்கிறாள். அவளுடைய ஓ.சி.டி. படத்திலும் எல்லாக் கோடுகளும் பளிச்சென்றுதான் இருக்கின்றன. இ.ஆர்.ஜி. கோடு லேசாகத் தாழ்ந்திருக்கிறது. வயதுக்கு உரிய ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கும் என்றும் சொல்லலாம், அடங்காது என்றும் சொல்லலாம். அப்படியொரு கருவி மதுரைக்கு வந்தால், முதல் நாற்காலி அவளுக்கு.